ஞானப்பல் எடுக்க முன்னர் கேட்க வேண்டியவை



சென்ற வருடம் மாரி தொடங்கிய நேரம், கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கொப்பித் தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் அதை இங்கே சொல்கிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

2009ஆம் ஆண்டு மாத்தளனில் இருந்தபோது ஒரு செல் துண்டு அவருடைய இடது தாடையைக் கிழித்துக்கொண்டு போனது. காயம் ஆறிவிட்டது. ஆனால் இடது பக்கக் கீழ்ச்சொண்டும் நாடியும் அன்று விறைத்தது விறைத்ததுதான். "தேத்தண்ணி சுடுகுதா ஆறிப்போச்சா எண்டு இடப்பக்கத்தால எனக்குத் தெரியாது அக்கா. சோத்துப் பருக்கை சொண்டில ஒட்டியிருந்தாலும் தெரியாது. சபை சந்தியில சாப்பிடப் போறதில்லை. வீட்டில எண்டால் மகள் தன்ர சொண்டைத் தொட்டுக் காட்டுவாள், நான் துடைப்பன்" என்று எழுதியிருந்தார்.

இப்போது பிரச்சினை வலது பக்கத்தில். கடைசிக் கொடுப்புப் பல், அதாவது ஞானப்பல், பாதி வெளியிலும் பாதி முரசுக்குள்ளும் கிடக்கிறது. ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் கஞ்சியோடு கிடந்திருக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரிப் பல் டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லின் வேர் நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது. எடுத்தால் சொண்டு விறைக்கக்கூடும்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் இவர் கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். இடது பக்கம் ஏற்கனவே இல்லை, வலதும் போனால்?

கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி, வேரை அப்படியே விட்டு, நரம்பைக் காப்பாற்றுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்பிடி ஒரு முறை உண்மையாகவே இருக்குதா? எங்க செய்யலாம்? எவ்வளவு முடியும்? அவர் போட்ட சங்கிலி ஒண்டுதான் என்னட்ட மிச்சம். அவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு நான் காணயில்லை. அந்தச் சங்கிலியை அடைவு வைக்கலாமா, இல்லாட்டி லோன் எடுக்கலாமா எண்டு சொல்லுங்கோ."

இதுதான் கடிதம். பல்லுக்குத்துத் தானே, அதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கக்கூடும். இரவில் கொடுப்பைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்து, விடியப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போன பெண்களுக்கு அது சின்ன விசயம் அல்ல. ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்குமாக விரித்து எழுதுகிறேன்.

பல்லும் நரம்பும்

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். மற்றப் பற்கள் எல்லாம் இடம் பிடித்த பிறகு வருவதால் பலருடைய வாயில் அதற்கு இடம் போதாது. சரிந்து, படுத்து, பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். பாதி மூடியிருக்கும் முரசுக்குக் கீழே சாப்பாட்டுத் துகள் புகுந்து அழுகி வீக்கம் கொடுக்கும்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் போன்ற பாதை ஓடுகிறது. அதற்குள் ஒரு நரம்பு போகிறது. கீழ்ப் பற்களுக்கும், அந்தப் பக்கக் கீழ்ச்சொண்டுக்கும், நாடிக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். சிலருடைய ஞானப்பல்லின் வேர் இந்த நரம்பைத் தொட்டுக்கொண்டோ, அதைச் சுற்றிக்கொண்டோ இருக்கும். அப்படிப்பட்ட பல்லை இழுத்து எடுக்கும்போது நரம்பு நசிபடலாம். நாக்குக்கு உணர்ச்சி கொடுக்கும் இன்னொரு நரம்பும் அந்தப் பல்லுக்கு உட்பக்கமாகப் போகிறது.

இங்கே ஒரு பயத்தை நீக்கிவிட வேண்டும். "ஞானப்பல் எடுத்தால் வாய் கோணிப்போகும்" என்று எங்கள் ஊர்களில் சொல்வார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. இது உணர்ச்சிக்கான நரம்பு மட்டுமே. இது பழுதுபட்டால் வாய் கோணாது, பேச்சு நிற்காது. ஆனால் சொண்டும் நாடியும் விறைக்கும், ஊசி குத்துவது போல இருக்கும், சிலருக்கு எரிவு நோ இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்குத் திரும்பாமலே போகும்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்கத் தேவையில்லை

நோகாமல், வீங்காமல், சொத்தை இல்லாமல் கிடக்கும் ஞானப்பல்லை "பிறகு கரைச்சல் தரும்" என்று முன்கூட்டியே எடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் அரச சுகாதார சேவைக்கு வழிகாட்டும் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே இதை எழுத்தில் சொல்லிவிட்டது. ஒரு தரம் மட்டும் முரசு வீங்கினால், அது மிகக் கடுமையாக இல்லாவிட்டால், அதற்காகவும் உடனே பல்லை எடுக்க வேண்டியதில்லை. இரண்டாம், மூன்றாம் தரம் வீக்கம் வருவது, அடைக்க முடியாத சொத்தை, பக்கத்துப் பல்லையும் அரிப்பது, சீழ், எலும்புக்குள் நீர்க்கட்டி, இவைதான் எடுப்பதற்கான காரணங்கள். ஆகவே யாராவது "நாலு ஞானப்பல்லையும் ஒன்றாக எடுத்துவிடுவோம்" என்று விலை சொன்னால், "ஒவ்வொன்றையும் ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்பதில் பிழையில்லை.

இன்னொரு சின்ன வழியும் உண்டு. சில பேருக்கு மேல் ஞானப்பல் கீழே இருக்கும் வீங்கிய முரசில் கடிபடுவதால்தான் நோ மாறாமல் இருக்கும். மேல் பல்லை எடுப்பது பெரும்பாலும் இலகு. கீழ்த்தாடை நரம்பு அதற்குக் கிட்டவும் இல்லை. அதை எடுத்தாலே வீக்கம் அடங்குவதும் உண்டு. உங்களுக்கு இது பொருந்துமா என்று பல் டொக்டரிடம் கேளுங்கள்.

தலையை எடுத்து வேரை விடும் முறை

சகோதரி கேட்ட முறை உண்மையாகவே இருக்கிறது. ஆங்கிலப் பெயர் கொரொனெக்டமி. 1984ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய இரண்டு மருத்துவர்கள் இதை முதலில் விபரித்தார்கள். முரசை விலத்தி, பல்லின் மேற்பகுதியை வெட்டி எடுத்து, வேரை எலும்பு மட்டத்திலிருந்து சுமார் 3 மில்லிமீற்றர் கீழே இருக்கும்படி அராவிவிட்டு, மேலே முரசை மூடித் தைத்துவிடுவார்கள். வேரை அசைக்காதபடியால் நரம்பில் கை படுவதில்லை. காலப்போக்கில் வேருக்கு மேலே எலும்பு வளர்ந்து மூடிக்கொள்ளும்.

இது எவ்வளவு பலன் தருகிறது? 2005ஆம் ஆண்டில் லண்டனில் இருந்து வந்த ஓர் ஆய்வில், நரம்புக்குக் கிட்ட இருந்த பற்களை மட்டும் தெரிந்தெடுத்து இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். முழுதாக எடுத்த 102 பற்களில் 19 இல் நரம்பு பாதிக்கப்பட்டது. வேரை விட்டுச் சரியாக முடிந்த 58 இல் ஒன்றில்கூடப் பாதிப்பு இல்லை. ஆனால் வேரை விடுவதாகத் தொடங்கிய இன்னும் 36 பற்களில் வெட்டும்போதே வேர் ஆடிவிட்டது, அதனால் முழுதாக எடுக்க வேண்டி வந்தது. அந்த 36 இல் 3 பேருக்கு நரம்பு பாதித்தது. 2009ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் செய்த ஆய்விலும் வேரை விட்டவர்களில் 100 பேருக்கு ஒருவரிலும் குறைவாகவும், முழுதாக எடுத்தவர்களில் 100 பேருக்கு ஐந்து பேர் அளவிலும் விறைப்பு வந்தது.

ஆகவே இது நல்ல முறை. ஆனால் எல்லாருக்கும் ஏற்றது அல்ல. சொத்தை பல்லின் நடுவரை போய்ச் சீழ் பிடித்திருந்தால், பல் ஏற்கனவே ஆடினால், பல் நரம்பின் மேலேயே நீளப் படுத்திருந்தால் இதைச் செய்வதில்லை. கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்கள், தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் போன்றோருக்கும் டொக்டர்மார் யோசிப்பார்கள். விட்ட வேர் முதல் ஒரு வருடத்தில் சில மில்லிமீற்றர் மேலே நகரும். அது நரம்பை விட்டு விலகி வருவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. சிலருக்குப் பின்னர் வேர் வெளியே தெரிய வந்து, இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வரும். அப்போது அது நரம்புக்குத் தூரமாக இருப்பதால் ஆபத்துக் குறைவு.

வேர் நரம்பைத் தொடாதவர்களுக்கு இந்த முறை தேவையே இல்லை. சாதாரணமாக எடுத்தால் போதும். "நரம்பைக் காக்கும் விசேட சிகிச்சை" என்று பெயர் சொல்லி யாரும் கூடக் காசு கேட்டால், "என்னுடைய எக்ஸ்ரேயில் நரம்பு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

எங்கே போவது

முதலில் உங்களுக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். நேரே கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அங்குள்ள பல் டொக்டர் பார்த்து, தேவைப்பட்டால் வாய், தாடை, முக சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தருவார். ஞானப்பல் சத்திரசிகிச்சையில் கூடிய பயிற்சி உள்ளவர்கள் இவர்கள்தான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலையும், கண்டிப் பக்கத்தில் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் உண்டு. மற்ற மாவட்டத்தில் இருப்பவர்கள் தங்களுக்குக் கிட்டிய பிரிவு எது, கிளினிக் எந்த நாள் என்று பல் டொக்டரிடமே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கிழமையில் குறித்த நாட்களில் மட்டும் கிளினிக் நடப்பதால், நாள் தெரியாமல் போனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் வீண்.

எக்ஸ்ரேயில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டுவதை ஓ.பி.ஜி. என்பார்கள். அதில் வேர் நரம்புப் பாதையோடு ஒட்டியிருப்பதற்கான அடையாளங்கள் தெரியும். பாதையின் வெள்ளைக் கோடு வேருக்கு மேலே அறுபட்டிருப்பது, பாதை வளைந்து போவது, வேரில் கருமை விழுந்திருப்பது ஆகியவை முக்கியமானவை. அப்படித் தெரிந்தால் சிலருக்கு மூன்று பக்கமும் காட்டும் கோன் பீம் சீ.டி. எடுக்கச் சொல்வார்கள். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த இடத்தில் திரும்ப எடுக்கும் காசும் அலைச்சலும் மிச்சம். கர்ப்பமாக இருந்தாலோ, அப்படி ஒரு சந்தேகம் இருந்தாலோ படம் எடுக்க முன்னரே சொல்லுங்கள்.

கொழும்புக்கோ பேராதனைக்கோ போக வேண்டி வந்தால், சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. முடியாவிட்டால், உங்கள் வருத்தத்தையும் குடிக்கும் மருந்துகளையும் இங்குள்ள டொக்டரிடம் கடிதத்தில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

செலவு எவ்வளவு

அரச வைத்தியசாலையில் டொக்டர் பார்ப்பதும், சத்திரசிகிச்சையும் இலவசம். இதை நான் திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் "நல்ல ஒப்பிரேசன் என்றால் காசு கட்டத்தான் வேணும்" என்ற நினைப்பில் பல பெண்கள் நகையை அடைவு வைத்திருக்கிறார்கள். தனியாரில் சனல் பண்ணிப் பார்க்கும் நிபுணரே காலையில் அரச வைத்தியசாலையில் இருப்பதும் உண்டு.

ஆனாலும் கையில் காசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் இல்லாமல், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படித் துண்டு வந்தால் வாங்கவும், கோன் பீம் படம் வெளியில் எடுக்கச் சொன்னால் எடுக்கவும், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும், கூட வருபவரின் சாப்பாட்டுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் காசு வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு நாள் கடும் வேலை செய்ய முடியாது. இவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மனதில் பெரிதாகத் தெரிவது தாளில் எழுதும்போது அளவுக்கு வந்துவிடும்.

தனியாரில் செய்ய விரும்புபவர்கள் போக முன்னரே போனில் கேட்க வேண்டியது இவை: டொக்டருக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, விறைப்பூசியா முழு மயக்கமா, முழு மயக்கம் என்றால் அதற்கு எவ்வளவு, தையல் பார்க்கவும் ஆறு மாதத்தில் படம் எடுக்கவும் வேறாகக் கட்ட வேண்டுமா. இரண்டு இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விறைப்பூசியில் செய்வது செலவு குறைவு, அன்றே வீட்டுக்கும் வரலாம்.

காசை எங்கே தேடுவது? பத்துப் பேர் மாதம் 1,000 ரூபா வீதம் சீட்டுப் பிடித்தால், ஒருவருக்கு முதல் மாதமே 10,000 ரூபா வட்டியில்லாமல் கையில் வரும். வருத்தக்காரருக்கு முதல் சீட்டைக் கொடுப்பது எங்கள் பெண்களுக்குள் வழக்கம்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்தால் அங்கே கேளுங்கள். வேலைத்தலத்தில் மருத்துவக் காப்புறுதி இருக்கிறதா, பல் சிகிச்சை அதில் அடங்குமா என்று விசாரியுங்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால், "பல் ஒப்பிரேசன்" என்று மட்டும் சொல்லாமல், எழுதிய கணக்கை அனுப்பிக் கேளுங்கள். என்னத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தால் தருபவருக்கும் மனம் வரும்.

வீட்டு வாசலுக்கு வந்து கிழமைக்குக் கிழமை கட்டச் சொல்லும் நுண்கடனை இதற்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பல் நோ ஒரு மாதத்தில் மாறும். அந்த வட்டி நோ வருடக் கணக்கில் நிற்பதை நாங்கள் எங்கள் கிராமங்களில் பார்த்துவிட்டோம்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள்

எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. சிலர் அதை மறந்தே போய்விட்டார்கள். டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரே, கோன் பீம் படம் எடுப்பதில் ஆபத்தில்லை, முகத்தில் துண்டு இருந்தால் படத்தில் கீறல் கீறலாக விழுந்து தெளிவு குறையலாம், அவ்வளவுதான். ஆனால் எம்.ஆர்.ஐ. என்ற காந்தப் படம் வேறு. அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். எப்போது எந்த வருத்தத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

முகத்திலோ தாடையிலோ பழைய காயம் இருந்து, எங்காவது விறைப்பு இருந்தால் அதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே காட்டி, கொப்பியில் எழுதுவியுங்கள். மறு பக்க நரம்பு எவ்வளவு பெறுமதி என்று அப்போதுதான் டொக்டருக்கு விளங்கும்.

இன்னொன்று. மல்லாந்து படுக்க வைத்து, முகத்துக்கு மேலே வெளிச்சம் அடித்து, மெசின் சத்தம் கேட்கும்போது சிலருக்குப் பழைய நினைவு வந்து நெஞ்சு அடைக்கும். வெட்கப்பட வேண்டாம். "எனக்குச் சத்தம் பயம். கையை உயர்த்தினால் கொஞ்சம் நிற்பாட்டுங்கள்" என்று முதலே சொல்லி வையுங்கள். பெரும்பாலான டொக்டர்மாரும் மிஸ்மாரும் அதை மதிப்பார்கள்.

டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இதை வெட்டிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்தப் பல்லை எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்?
2. என்னுடைய படத்தில் வேர் நரம்பைத் தொடுகிறதா?
3. வேரை விட்டு மேலே மட்டும் வெட்டும் முறை எனக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஏன்?
4. நீங்கள் அந்த முறையைச் செய்கிறீர்களா? இல்லாவிட்டால் செய்பவரிடம் அனுப்புவீர்களா?
5. வெட்டும்போது வேர் ஆடினால் என்ன செய்வீர்கள்?
6. விறைப்பூசியா, முழு மயக்கமா?
7. பிறகு எத்தனை தரம் காட்ட வர வேண்டும்?

ஐந்தாவது கேள்வி முக்கியம். வேர் ஆடினால் முழுதாக எடுத்தே ஆக வேண்டும், ஆடிய வேரை உள்ளே விட முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் கையொப்பம் வைக்கிறீர்கள். வாசித்து விளங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

நாள் வரும் வரையும், அதற்குப் பிறகும்

அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு மாதக் கணக்கில் காத்திருக்க நேரலாம். அது வரை சின்னத் தூரிகையால் கடைசிப் பல்லைச் சுற்றித் தேய்த்து, சாப்பிட்ட பின் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல்லடியில் அஸ்பிரின் குளிசை வைப்பது, மண்ணெண்ணெய் பூசுவது முரசைப் பொசுக்கிவிடும். முன்னர் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையை நீங்களாகவே போட வேண்டாம்.

சத்திரசிகிச்சை அன்று துணியைக் கடித்துப் பிடிக்கச் சொல்வார்கள். முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவோ, அடிக்கடி துப்பவோ, உறிஞ்சிக் குடிக்கவோ கூடாது. இரத்தக் கட்டி கழன்றால் கடும் நோ வரும். வெற்றிலை, புகையிலை வேண்டவே வேண்டாம். அடுத்த நாளிலிருந்து உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். ஆறிய கஞ்சி, சொதி விட்டுப் பிசைந்த இடியப்பம், நன்றாக மசித்த சோறு சாப்பிடலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் கூடுதலாக இருக்கும், பிறகு வற்றும்.

விறைப்பூசியின் விறைப்பு சில மணித்தியாலத்தில் போய்விடும். அடுத்த நாளும் சொண்டோ நாக்கோ விறைத்தே இருந்தால் கிளினிக் நாள் வரும் வரை பாராமல் உடனே போய்ச் சொல்லுங்கள். வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், நாக்கு மேலே தள்ளப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இது சத்திரசிகிச்சைக்குப் பிறகு மட்டும் அல்ல, பல் வீக்கத்தோடு வீட்டில் கிடப்பவர்களுக்கும் பொருந்தும். பல்லுக்குத்தால் யாரும் சாவதில்லை என்பது பிழை. பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தால் உயிர் போகும்.

அந்தச் சகோதரி

அவர் முதலில் அரச வைத்தியசாலையிலேயே கடிதம் வாங்கி நிபுணரிடம் போனார். மூன்றாம் முறை போனபோதுதான் தன் இடது பக்க விறைப்பைப் பற்றி வாய் திறந்து சொன்னாராம். அதுவரை "பல்லைப் பற்றித்தானே கேட்கிறார்கள்" என்று சும்மா இருந்துவிட்டார். அதைக் கேட்ட பிறகு டொக்டர் படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். முதலில் மேல் ஞானப்பல்லை எடுத்தார்கள். வீக்கம் அடங்கியது. கோன் பீம் படம் வெளியில் எடுக்க வேண்டி வந்தது. அதற்கும் போக்குவரத்துக்கும் மாதர் சங்கச் சீட்டில் அவருடைய முறை ஏழாவதாக இருந்ததை முதலாவதாக மாற்றிக் கொடுத்தார்கள். முதலாவதாக இருந்தவர் தகரம் வாங்க வைத்திருந்தவர். "மழைக்கு முந்தி எடுத்தால் சரி" என்று விட்டுக்கொடுத்தாராம்.

நான்கு மாதம் காத்திருந்தார். விறைப்பூசியில், வேரை விட்டு, மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வேர் ஆடவில்லை. மூன்று நாள் வீக்கம், ஒரு கிழமை தையல். சங்கிலி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் எழுதிய கடிதத்தில், "வலப்பக்கத்தால தேத்தண்ணிச் சூடு தெரியுது அக்கா" என்று ஒரு வரி. ஆறு மாதப் படம் இன்னும் எடுக்கவில்லை. வேர் எப்படி இருக்கிறது என்று அதன் பிறகுதான் சொல்ல முடியும். திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாராம்.

உங்களில் யாராவது பல்லுக்குத்தைப் பொறுத்துக்கொண்டு, வருகிற மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தால் இந்தக் கிழமையே ஒரு துண்டு எடுக்கப் போங்கள். போகும்போது பழைய காயத்தையும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.